வாசலூர்பட்டி இறக்கத்தில் எண்ணூறில் ஒரு நொடி

"தை, சனிக்கிழமை மாலை. வாசலூர்பட்டிக்கு மேலே இறக்கம். உள்வளைவு, தார்த் திட்டு. பனி. ஷட்டர் 1/800. எஃப் 4. ஐஎஸ்ஓ 6400. மீட்டர் சொன்னதற்கு மேல் ஒன்றரை. ஃபோகஸ் கையால்."

டீத்தூள் அட்டையின் உட்புறத்தில் நான் பென்சிலால் எழுதிய குறிப்பு இது. காமிராப் பையின் பக்க அறையில் இருந்தது. மாதமும் கிழமையும் இருக்கின்றன, ஆண்டு இல்லை. படத்துக்குத் தேதி எழுதாதவர்களோடு வேலைக்காலம் முழுவதும் சண்டை போட்டவன் நான். என் சீட்டிலேயே ஆண்டு விடுபட்டிருப்பதைப் பார்த்தால் அவர்களில் சிலர் சிரிப்பார்கள். நல்லவேளையாக ஐயம் எதுவும் இல்லை. நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய தை அது.

இந்தச் சீட்டைத் தேடியெடுக்க வைத்தவர் தினேஷ். நாளிதழின் மாவட்டப் பதிப்பில் நான் இருந்த இடத்தில் இப்போது இருக்கும் புகைப்படக்காரர். போன வாரம் அழைத்தார்.

"சார், கொல்லிமலை ஓட்டத்துக்கு என்னைப் போட்டிருக்காங்க. அந்தப் படத்தோட செட்டிங்ஸ் மட்டும் அனுப்பி விடுங்க சார்."

"எந்தப் படம்?"

"பேனர்ல இருக்குமே சார். பனிக்குள்ள ஒரு பொண்ணு பறக்குமே, அது."

"உன் காமிராதான் ஆளோட கண்ணைத் தானே தேடிப் பிடிக்குதே. அப்புறம் என்ன?"

"பனியில அது மரத்தைப் பிடிக்குது சார். போன வாரம் சும்மா மேல போய்ப் பாத்தேன். நூறு படம் எடுத்தேன், நூறும் மிளகுக்கொடி. மிளகு வியாபாரத்துக்கு விளம்பரம் போடலாம்."

சீட்டைப் படமெடுத்து அனுப்பிவிட்டேன். பிறகு பழக்க தோஷத்தால் கணினியில் அந்தப் படத்தைத் திறந்து, கோப்பு தானே பதிந்து வைத்திருக்கும் விவரங்களைப் பார்த்தேன். ஷட்டர் 1/1250 என்று இருந்தது. சீட்டில் இருப்பது ஒத்திகை நாளின் எண்கள். படம் எடுக்கப்பட்டது மறுநாள், வேறு எண்ணில். இரண்டு எண்களுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று சொல்லாமல் எண்களை மட்டும் கொடுத்தால் தினேஷ் மறுபடியும் மிளகுக்கொடியோடுதான் திரும்புவார். அதனால்தான் இந்தக் கட்டுரை.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ராசிபுரத்தில் ஒரு ஸ்டுடியோவின் இருட்டறையில் சேர்ந்தேன். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் அளவுப் படம். பிறகு நாளிதழ். விளையாட்டு என்றால் பள்ளி மைதானங்கள்தான். கபடியும் கோகோவும் ஓட்டப் பந்தயமும் எனக்குக் கற்றுக்கொடுத்தது சில வரிகளில் அடங்கும். குறுக்கே ஓடுகிறவருக்கு ஆயிரத்தில் ஒரு நொடி வேண்டும். நம்மை நோக்கி வருகிறவரை ஐந்நூறில் ஒரு நொடியிலும் பிடித்துவிடலாம். அபர்ச்சரை, அதாவது லென்ஸின் துளையை, நன்றாகத் திறந்து வைத்தால் பின்னால் நிற்கும் கூட்டமும் கொடிக்கம்பமும் கரைந்து, ஓடுகிறவர் மட்டும் நிற்பார். சமவெளி வெயிலில் இது என்னைக் கைவிட்டதே இல்லை. நூலகத்தில் பனியைப் பற்றியும் ஒளிச்சிதறலைப் பற்றியும் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். மலையில் முதல்முறை நின்றபோது அவற்றில் ஒரு வரியும் உதவிக்கு வரவில்லை.

எங்கள் படப் பிரிவின் தலைவர் நஸ்ரீன். சேலம் அலுவலகத்தில் இருந்தார். என்னைவிட இருபது வயதாவது இளையவர். மலையடிவார ஊர் ஒன்றில் அவருடைய அப்பா மிளகு மண்டி வைத்திருந்தார். "கொல்லிமலையை நான் மூக்காலதான் தெரிஞ்சுக்கிட்டேண்ணா, மூட்டை மூட்டையா வரும்" என்பார். அலுவலகத்தில் நான் அவரை மேடம் என்பேன். தொலைபேசியில் பேசும்போது அது எப்படியோ "ஏம்மா" ஆகிவிடும். அவர் இரண்டையும் கண்டுகொள்ள மாட்டார்.

அவர் படம் பார்க்கும் முறை விசித்திரமானது. முதலில் பெரிதாகத் திறக்கவே மாட்டார். திரையில் அஞ்சல்தலை அளவில் வைத்துக்கொண்டு நாற்காலியைப் பின்னால் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார். யார், எங்கே, என்ன செய்கிறார் என்ற மூன்றும் அந்த அளவிலேயே தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் படம் அங்கேயே முடிந்தது. தெரிந்தால்தான் பெரிதாக்குவார். பெரிதாக்கிய பிறகு மூலை முடுக்கெல்லாம் தேடுவார். நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "போகட்டும்" என்பார். அச்சுக்குப் போகட்டும் என்று பொருள். அந்தச் சொல்லுக்காகத்தான் நாங்கள் எல்லோரும் வேலை செய்தோம்.

சீட்டுக்கு முந்திய ஆண்டு, அதே ஓட்டத்துக்கு நான் போயிருந்தேன். வாசலூர்பட்டி ஏரிக்கரையில், படகுத்துறைக்குப் பக்கத்தில் தொடங்கி, மலைச்சாலையில் ஏறி, தோட்டங்களுக்கு நடுவே சுற்றி இறங்கி, அதே இடத்துக்குத் திரும்பும் ஓட்டம். மலையூர்ப் பெண்களும் சமவெளிப் பள்ளிப் பெண்களும் சேர்ந்து ஓடும் பிரிவுதான் அதன் உயிர். பனியில் வெளிச்சம் குறைவு என்பதால் ஓட்டம் மெதுவாகும் இடமாகப் பார்த்து ஏற்றத்தில் நின்றேன். வேகம் குறைந்தால் ஷட்டரைக் குறைக்கலாம். தர்க்கத்தில் பிழையில்லை. ஒவ்வொரு முகமும் கூர்மையாகப் பதிந்தது.

நஸ்ரீன் அழைத்தார். "அண்ணா, இவங்க ஓடறாங்களா, கோயிலுக்குப் போறாங்களா?"

"ஏற்றம்மா. செங்குத்து."

"அது எனக்குத் தெரியும். படத்துக்குத் தெரியலையே. கையில தேங்காய் பழத் தட்டு ஒண்ணுதான் பாக்கி."

அவர் சொன்னது சரி. ஏற்றத்தில் ஓடுகிறவரின் கால் தரையை விட்டு எழுவதே இல்லை. முதுகு வளைந்து, கை முட்டியை ஊன்றத் தேடும். கூர்மையான படம், ஓட்டமில்லாத ஓட்டம். ஏரிக்கரையில் நின்ற மற்றவர்கள் நிலை இன்னும் மோசம். அவர்களுக்குச் சாம்பல் நிறத் திரையில் கறுப்பு நிழல்கள்தான் கிடைத்தன. எந்த நாளிதழிலும் அந்த ஆண்டு படம் வரவில்லை.

அதனுடைய விளைவை ஐப்பசியில் மலைமேல் செம்மேட்டில் நடந்த ஓட்டக் குழுவின் கூட்டத்தில் பார்த்தேன். செய்திக்காகப் போயிருந்தேன். செலவை ஏற்கும் கம்பெனியின் ஆள் நல்லவிதமாகத்தான் பேசினார். "படமே வராத ஓட்டத்துக்கு நாங்க என்னன்னு சொல்லி மேலிடத்துல பணம் கேக்கறதுங்க? முள்ளுக்குறிச்சிப் பக்கம் கீழ வெச்சுட்டா பளிச்சுனு வெயில். ரோடும் சமம்."

குழுவில் பலர் தலையசைத்தார்கள். எழுந்து நின்றவர் மல்லிகா டீச்சர் மட்டும்தான். மலையிலேயே பிறந்து, மலைப்பள்ளியிலேயே உடற்கல்வி ஆசிரியராக இருப்பவர்.

"கீழ வெச்சா எங்க புள்ளைங்க வராதுங்க."

"ஏனுங்க டீச்சர், பஸ் இருக்குதுல்ல?"

"விடியற பந்தயத்துக்கு எந்த பஸ்ஸுங்க? முந்தின நாளே எறங்கி எங்கயாச்சும் தங்கோணும். பொம்பளப் புள்ளய அப்படி அனுப்பற அப்பன் எங்க நாட்டுல இன்னும் பொறக்கலீங்க. மேல நடந்தா ஓடுவாங்க. கீழ நடந்தா ஊட்ல இருப்பாங்க. அவ்வளவுதாங்க கணக்கு."

கடைசியில் ஒரு சமரசம் ஆயிற்று. வரும் தையில் இன்னொரு முறை மலையிலேயே நடக்கட்டும். செய்தியும் படமும் வந்தால் தொடரும், இல்லையென்றால் கீழே. கூட்டம் கலைந்ததும் டீச்சர் நேரே என்னிடம் வந்தார்.

"அண்ணா, போன வருஷம் நீங்களும் இருந்தீங்கல்ல?"

"இருந்தேங்க."

"ஒரே ஒரு படம் போதுங்க. எங்க புள்ளைங்க ஓடறாங்கன்னு தெரியற மாதிரி."

அவர் குறையாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அது இரவும் பகலும் காதில் இருந்தது.

தை பிறந்து, ஓட்டத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை காலையிலேயே மலையேறினேன். மல்லிகா டீச்சர் தன் மாணவிகள் சிலரை ஒத்திகைக்கு அழைத்து வந்திருந்தார். அவர்களில் வேகமானவள் கௌசல்யா, திருப்புலி நாட்டுப் பெண். மலையில் சில ஊர்கள் சேர்ந்த தொகுதியை நாடு என்பார்கள். அவள் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கூட்டிப் போகலாம் என்று டீச்சர் சொன்னதால் முதலில் அங்கே போனோம். சில்வர் ஓக் மரத்தில் சாத்திய மூங்கில் ஏணியில் நின்று அவள் அப்பா பொன்னுசாமி மிளகு பறித்துக்கொண்டிருந்தார். தலையில் துண்டு, இடுப்பில் சாக்குப்பை.

"படம் புடிக்கிறவருங்களா? உக்காருங்க. காப்பி குடிக்கிறீங்களா?"

"நாளைக்கு மக ஓடறதப் பாக்க வரலீங்களா?"

"ஓட்டத்த என்னத்தப் பாக்கறதுங்க? தெனமும் ஆட்டுக்குப் பின்னாடி ஓடறவதானே. ஆடு செயிச்சுதா இவ செயிச்சாளான்னு கேட்டுக்குவேன். மிளகு பழுத்து நிக்குது, உட்டா குருவி தின்னுரும்."

"ஒருவேளை பந்தயம் கீழ போயிட்டா அனுப்புவீங்களா?"

"மாட்டேனுங்க." ஒரு படி ஏறியவர் நின்று திரும்பினார். "கோவிச்சுக்காதீங்க. மேல ஓடட்டும், நான் வேண்டாங்கல. முடிஞ்சா ஊடு வந்து சேந்துருவா. கீழன்னா எங்க தங்கறது, யாரு பொறுப்பு?"

"டீச்சர் பொறுப்பு" என்றாள் கௌசல்யா, வாசலில் ஷூவைக் கட்டிக்கொண்டே.

"டீச்சருக்கு நீ ஒருத்தியா கண்ணு? அவங்களுக்கு ஒரு மந்தையே இருக்குது."

"அப்பா, நான் மந்தையா?"

"நீ ஓட்டத்துல தனி, திங்கறதுல மந்தை. போயிட்டு வா சாமி."

எல்லோரும் சிரித்தோம். ஆனால் டீச்சர் செம்மேட்டில் சொன்ன கணக்கு எனக்கு அங்கேதான் முழுதாகப் புரிந்தது. அந்த மனிதர் மகளைத் தடுப்பவர் அல்லர். ஓட்டம் எங்கே நடக்கிறது என்பதுதான் அவள் ஓடுவதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும்.

இனி வேலைக்கு வருகிறேன். தினேஷ் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இது.

முதலில் இடம். ஏற்றம் வேண்டாம் என்று போன ஆண்டே தெரிந்துவிட்டது. ஏரிக்கரையில் பனி அடர்த்தி. மிச்சம் இறக்கம். மிளகுத் தோட்டம் முடிந்து வாசலூர்பட்டியை நோக்கிச் சாலை வளைந்து இறங்கும் இடத்தில் பெண்களை ஓடிவரச் சொல்லிப் பார்த்தேன். மலைப்பெண்கள் இறங்கும் விதத்தை அப்போதுதான் கவனித்தேன். சமவெளிக்காரர்கள் இறக்கத்தில் பயந்து பின்னால் சாய்வார்கள். நாற்காலியில் உட்காரப் போகிறவர்கள்போல இருக்கும். இவர்கள் உடம்பை முன்னால் கொடுத்து, குதிகாலை ஊன்றாமல், வளைவின் உள்விளிம்பை ஒட்டிச் சரிந்து வருகிறார்கள். ஒவ்வொரு எட்டிலும் இரண்டு கால்களும் அந்தரத்தில் இருக்கும் நேரம் ஒன்று இருக்கிறது.

"இப்படி எறங்க டீச்சர் கத்துக்கொடுத்ததா?" என்று கௌசல்யாவிடம் கேட்டேன்.

"டீச்சர் இல்லீங்க சார், மரவள்ளிக் கிழங்கு. தலையில மூட்டையோட குதிகால ஊனுனீங்கன்னா மூட்ட மட்டும் தனியா முன்னாடி போயிரும். நாம பின்னாடி தேடிட்டுப் போகோணும்."

இடம் முடிவாயிற்று. அடுத்தது வெளிச்சத்தின் அளவு. காமிராவின் மீட்டருக்கு உலகமே சிமெண்டு நிறத்தில் இருக்க வேண்டும். வெள்ளைப் பனியைக் காட்டினால், வெளிச்சம் அதிகம் என்று நினைத்து அதைச் சிமெண்டு நிறத்துக்கு இறக்கிவிடும். பனியோடு சேர்ந்து முன்னால் ஓடிவரும் முகமும் இருண்டுபோகும். முந்தைய ஆண்டு ஏரிக்கரைப் படங்களெல்லாம் கறுப்பு நிழலானது இதனால்தான். டீச்சரைப் பனியில் நிற்க வைத்து, மீட்டர் சொன்னபடி ஒன்று, அதற்கு மேல் ஒரு ஸ்டாப் கூட்டி ஒன்று, ஒன்றரை கூட்டி ஒன்று, இரண்டு கூட்டி ஒன்று எடுத்தேன். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சத்தை இரட்டிப்பாக்குவது. ஒன்றரையில் முகம் வந்தது, பனி பனியாகவே இருந்தது. இரண்டில் பனி காகிதமாயிற்று. "மூணாவதுல நான் கொஞ்சம் செவப்பா இருக்கேனே, அதையே வெச்சுக்கங்க" என்றார் டீச்சர்.

ஷட்டர். ஐந்நூறில் முகம் கூர்மை, ஆனால் பாதம் தேய்ந்தது. இறக்கத்தில் உடம்பு ஒரு வேகத்திலும் பாதம் அதைப்போல இரு மடங்கு வேகத்திலும் வருகிறது. ஆயிரம் வைக்க வெளிச்சம் போதவில்லை. எண்ணூறில் பாதம் ஓரளவு நின்றது.

அபர்ச்சர். இங்கேதான் என் பழைய பாடம் குறுக்கே நின்றது. நன்றாகத் திறந்து வை, பின்புலம் கரையட்டும் என்பது அந்தப் பாடம். பனிக்காலத்தில் அதற்குத் தேவையே இல்லை. பின்புலத்தைக் கரைக்கிற வேலையைப் பனியே பார்த்துக்கொள்கிறது. அகலத் திறந்தால் கூர்மையாக விழும் பகுதி ஒல்லியாகி, ஓடி வருகிறவர் அதைத் தாண்டிப் போய்விடுவார். எஃப் 4க்கு மூடினேன். போன வெளிச்சத்தை ஐஎஸ்ஓவை, அதாவது காமிராவின் ஒளியுணர்வை, ஏற்றி எடுத்துக்கொண்டேன். 6400இல் படத்தில் மணல் தூவியதுபோலப் புள்ளிகள் வரும். நஸ்ரீனிடம் முன்கூட்டியே கேட்டேன். "புள்ளி தெரிஞ்சா யாரும் பேப்பரைத் தூக்கி எறிய மாட்டாங்கண்ணா. மூஞ்சி தெரியலைன்னா எறிவாங்க" என்றார்.

கடைசியாக ஃபோகஸ். தினேஷுக்கு நடந்தது எனக்கும் நடந்தது. பனியில் பிடிமானம் கிடைக்காமல் லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்து, ஓரத்து மரத்தின் மிளகுக்கொடியில் போய் ஒட்டிக்கொண்டது. அதனால் தானியங்கியை நிறுத்திவிட்டேன். உள்வளைவில் பள்ளத்தை மூடிப் போட்ட தார்த் திட்டு ஒன்று இருந்தது. ஈரத்தில் மற்ற சாலையைவிடக் கறுப்பாகத் தெரிந்தது. ஃபோகஸை அதன்மேல் கையால் வைத்து, வளையம் நகராமல் ஒட்டுநாடா ஒட்டினேன். ஆள் திட்டுக்கு வரும் கணத்தில் விரல் அழுந்த வேண்டும். அவ்வளவுதான்.

டீச்சருக்கு ஒரு யோசனை வந்தது. "நான் சொல்லிட்டா எல்லாரும் அந்தத் திட்டு மேலயே கால வெச்சு ஓடுவாங்க."

"சொல்லக் கூடாதுங்க."

"ஏங்க? உங்களுக்குச் சுலபம்தானே?"

"நான் சொல்லி ஓடினா அது பந்தயப் படம் இல்லீங்க, நாடகப் படம். நாளைக்கு யாராவது கேட்டா நீங்களும் நானும் தலையக் குனியணும். அவங்க ஓடற வழியில நான் நிக்கிறேன். என் வழியில அவங்க ஓட வேண்டாம்."

டீச்சருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் ஒப்புக்கொண்டார். அன்று மாலை டீக்கடையில் உட்கார்ந்து, கடைக்காரரிடம் அட்டை வாங்கி, மேலே கண்ட குறிப்பை எழுதினேன்.

ஞாயிறு காலை பனி இன்னும் அடர்த்தியாக இருந்தது. லென்ஸில் ஈரம் படிந்துகொண்டே இருந்ததால், தோளில் போட்ட பழைய வேட்டித் துணியால் துடைத்துக்கொண்டு வளைவின் அடியில் உட்கார்ந்திருந்தேன். கீழே ஏரிக்கரையிலிருந்து விசில் கேட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. ஓடுகிறவர்கள் மேலே சுற்றிவிட்டு வர வேண்டும்.

அவர்கள் வருவதற்குச் சற்று முன்பு வெளிச்சம் மாறியது. பனி விலகவில்லை. அதற்குப் பின்னால் சூரியன் ஏறிவிட்டது. சாம்பலாக இருந்த பனி வெள்ளையாயிற்று, தார்ச்சாலையில் என் நிழல் இலேசாக விழுந்தது. மீட்டரைப் பார்த்தேன். வெளிச்சத்தை நான்கு சொடுக்கு குறைக்கச் சொன்னது. ஒரு சொடுக்கு என்றால் ஸ்டாப்பில் மூன்றில் ஒரு பங்கு.

அப்படியே விட்டால் பனி வெளுத்துக் காகிதமாகி, அதற்குள் இருக்கும் மரங்களும் சாலையும் காணாமல் போகும். நான்கு சொடுக்கும் குறைத்தால், வெளிச்சம் அவர்கள் முதுகுப் பக்கமிருந்து வருவதால் முகம் இருண்டுவிடும், மறுபடி போன ஆண்டுப் படம். மீட்டர் நான்கு கேட்டது, நான் இரண்டு கொடுத்தேன். எதில் கொடுப்பது என்பதில் தயக்கமில்லை. ஐஎஸ்ஓவைக் குறைத்தால் புள்ளி கொஞ்சம் குறையும். ஷட்டரில் கொடுத்தால் பாதம் நிற்கும். எண்ணூறு ஆயிரமாயிற்று, ஆயிரம் ஆயிரத்து இருநூற்று ஐம்பதாயிற்று. சீட்டுக்கும் படத்துக்கும் உள்ள வித்தியாசம் இந்த இரண்டு சொடுக்குதான்.

காலடிச் சத்தம் முதலில் வந்தது. மேலே பனிக்குள் யாரோ சறுக்கும் கிறீச்சென்ற ஒலி, "ஐயோ" என்று ஒரு குரல். பிறகு பச்சைச் சட்டை போட்ட சமவெளிப் பெண் ஒருத்தி நிலை திரும்பி, பின்னால் சாய்ந்து, வெளிவிளிம்பை ஒட்டி இறங்கி வந்தாள். சறுக்கியது அவள்தான். அவள் சறுக்கியது என் திட்டுக்கு வெகு மேலே. படமாகவில்லை. அவளுக்கு உள்பக்கம் பனி கறுத்தது, உருவமாயிற்று, முகமாயிற்று. கௌசல்யா உடம்பை முன்னால் கொடுத்து, கைகளைத் தளர விட்டு, யாரும் சொல்லாமலே தார்த் திட்டை நோக்கி வந்தாள். பச்சைச் சட்டை வெளிவிளிம்பில், என் சட்டகத்துக்கு வெளியே. விரல் அழுந்தியது.

அவள் அந்த வளைவில் முந்தினாள். ஏரிக்கரைச் சமதளத்தில் பச்சைச் சட்டை மறுபடி முந்திவிட்டது. கௌசல்யா இரண்டாவது. இதையும் சரியாக எழுதிவிடுகிறேன், ஏனென்றால் பேனரைப் பார்த்தவர்கள் பலரும் அவள்தான் முதல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சிக்னல் கிடைக்கும் இடம் தேடிப் போய் படத்தை அனுப்பினேன். நஸ்ரீன் அழைத்தார். நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. அஞ்சல்தலை அளவில் பார்க்கிறார் என்று தெரிந்தது. பிறகு நாற்காலி முன்னால் உருளும் சத்தம்.

"அண்ணா, இது யாரு?"

"கௌசல்யா. திருப்புலி நாட்டுப் பொண்ணு. மலைப்பள்ளி."

"அவ இல்லண்ணா. அவளுக்குப் பின்னாடி."

என் காமிராவின் சிறு திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். கௌசல்யாவின் இரண்டு பாதங்களும் தரையில் இல்லை. முகம் தெளிவு. அவளுக்குப் பின்னால், பனி ஏறக்குறைய வெள்ளையாகும் இடத்தில், சாலையோரமாக இன்னோர் உருவம். ஓடுகிறது. தலையில் துண்டு மாதிரி ஏதோ. மார்பில் எண் இல்லை.

"தெரியலம்மா. ஓடற ஆள் இல்ல. வெட்டிடலாமா?"

"வேண்டாம். அந்த ஆள் இருக்கறதாலதான் பனி எவ்வளவு ஆழம்னு தெரியுது. இருக்கட்டும்." மூலை முடுக்கெல்லாம் தேடி முடித்து, "போகட்டும்" என்றார்.

படம் மறுநாள் மாவட்டப் பக்கத்தின் மேல்பாதியை எடுத்துக்கொண்டது. அதை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டு கம்பெனி ஆள் செம்மேட்டுக்கு வந்ததாக டீச்சர் சொன்னார். அடுத்த ஆண்டுப் பேனரே அதுதான். முள்ளுக்குறிச்சிப் பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை. இந்தத் தைக்கும் ஓட்டம் மலையில்தான். நேற்று டீச்சர் அழைத்திருந்தார். "ஓடறதுக்குக் கம்பெனி கொடுத்து விட்ட சட்ட பத்தாதுங்கண்ணா. அக்காவப் பாத்து தங்கச்சி, தங்கச்சியப் பாத்து பக்கத்தூட்டுப் புள்ளைன்னு வந்து நிக்கிறாங்க. ரெண்டு பேருக்கு ஒரு சட்டையா குடுக்க முடியும்?" கௌசல்யா இப்போது கல்லூரியில் படிக்கிறாள், சேலத்தில். விடுதியில் தங்கித்தான். கீழே அனுப்ப மாட்டேன் என்ற மனிதரே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்திருக்கிறார். அதற்கும் படத்துக்கும் தொடர்பு உண்டென்று நான் சொல்ல மாட்டேன்.

ஒன்று பாக்கியிருக்கிறது. படங்களை ஆவணப்படுத்தும்போது அதில் இருக்கும் எல்லோருடைய பெயரையும் எழுதுவது என் வழக்கம். அந்த மாசியில் படத்தைப் பெரிதாக அச்சிட்டுக்கொண்டு கௌசல்யா வீட்டுக்குப் போனேன். உருவத்தைக் காட்டிக் கேட்டேன்.

"பின்னாடி செருப்புச் சத்தம் கேட்டுதுங்க சார்" என்றாள் அவள். "ஓடறவங்கள்ல யாரு செருப்பு போடுவாங்கன்னு நெனச்சேன். திரும்பிப் பாக்கல. பாத்தா நேரம் போயிரும்ல?"

அவள் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பொன்னுசாமி படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், தூரமாகவும் கிட்டவும் வைத்துப் பார்த்தார்.

"நான் இல்லீங்க. நான் அன்னிக்கு மரத்து மேலயில்ல இருந்தேன்."

"துண்டு உங்களுது மாதிரி இருக்குதுங்க."

"துண்டு எல்லாருகிட்டயும் இருக்குதுங்க. ஒரே கடையிலதான் எடுக்கறோம்."

அவர் இன்னும் படத்தைத் திருப்பித் தரவில்லை. விரலால் வளைவின் மேல்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க, அந்தப் பச்சச் சட்டைப் புள்ள வழுக்கப் பாத்துச்சே, அது இதுல உழுகலீங்களா?"

"இல்லீங்க. அது ரொம்ப மேல."

"ஆமாங்க, மேலதான்" என்று சொல்லிவிட்டு, படத்தை மாட்டச் சுவரில் ஆணி தேடப் போனார்.

கௌசல்யா அந்தச் சறுக்கலைப் பற்றி வீட்டில் சொல்லியிருக்கலாம். சொன்னாயா என்று அவளைக் கேட்டேன், நினைவில்லை என்றாள். இரண்டு சொடுக்கு குறைக்காமல் விட்டிருந்தால் அந்த உருவமே பனியோடு வெளுத்துப் போயிருக்கும், எனக்கு இந்தக் கேள்வியும் இருந்திருக்காது. என் ஆவணத்தில் அந்தப் படத்துக்குக் கீழே தை, ஞாயிறு, இந்த முறை ஆண்டும், இடமும், கௌசல்யாவின் பெயரும் இருக்கின்றன. அதற்கடுத்த வரி இன்றும் இப்படியே இருக்கிறது: பின்னால் ஓடி வருபவர், பொன்னுசாமியாக இருக்கலாம், உறுதி செய்யப்படவில்லை.